‘உள்ளே வரலாமா?’ – ஒரு கேள்வி பிறந்த கதை

1835ஆம் ஆண்டு ஜூன் 6. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில், யாரா ஆற்றோடு போய்க் கலக்கும் ஓர் ஓடையின் கரை. டாஸ்மேனியாவிலிருந்து கப்பலேறி வந்திருந்த ஜான் பேட்மன் என்ற பண்ணைக்காரர் தம் மூட்டைகளை அவிழ்த்துப் பரப்பினார். 20 ஜோடி கம்பளிகள், 30 கைக்கோடரிகள், 100 கத்திகள், 50 கத்தரிக்கோல்கள், 30 முகம் பார்க்கும் கண்ணாடிகள், 200 கைக்குட்டைகள், கொஞ்சம் மாவு, ஆறு சட்டைகள். எதிரே வுருண்ட்ஜெரி மக்களின் பெரியவர்கள் எட்டுப் பேர். பேட்மன் ஒரு பத்திரத்தை எடுத்து விரித்தார். எட்டுப் பேரின் அடையாளக் குறிகளும் அதில் ஏறின. இந்தச் சரக்குக்கும், இனி ஆண்டுதோறும் தருவதாகச் சொன்ன சரக்குக்கும் ஈடாக, ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கர் நிலத்தை வளைத்துப் போட்டுவிட்டதாகக் கணக்குப் போட்டபடி அவர் ஊர் திரும்பினார். ஒரே ஒரு சிக்கல். எதிரே இருந்தவர்கள் அன்று எதையும் விற்றதாக நினைக்கவே இல்லை.

வுருண்ட்ஜெரியினர் உட்பட அந்த வட்டாரத்துக் கூலின் மக்களிடம் டாண்டெரம் என்றொரு சடங்கு உண்டு. ஒரு கூட்டத்தாரின் எல்லைக்குள் வேற்றாள் பாட்டுக்கு நுழைந்துவிட முடியாது. எல்லையில் நின்று காத்திருக்க வேண்டும்; அழைத்தால்தான் வரலாம். வந்தவருக்குத் தழைகளோடு மரக்கிளைகளை நீட்டுவார்கள், பரிசுகள் கைமாறும். அதன்பின் அங்குள்ள தண்ணீரிலும் வேட்டையிலும் அவருக்கும் பங்கு உண்டு, அங்கே தங்கியிருக்கும்வரை. விருந்தாளிக்கு ஒன்றும் நேராமல் காப்பது அழைத்தவர் பொறுப்பு. அந்த மண்ணின் முறைகளை மீறாமல் நடப்பது விருந்தாளியின் பொறுப்பு. அன்று ஓடைக்கரையில் நடந்தது அந்தச் சடங்குதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். பெரியவர்கள் நடத்தியது வரவேற்பு. பேட்மன் எழுதிக்கொண்டது கிரயப் பத்திரம். துணைக்கு வந்த சிட்னிப் பக்கத்துப் பூர்வகுடிகளுக்கு இந்த ஊர் மொழி தெரியாததால் இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்ல ஆளில்லை. அந்தப் பத்திரத்துக்கும் மூன்று மாத ஆயுள்கூட இருக்கவில்லை.

ஆகஸ்ட் 26ஆம் தேதி சிட்னியில் ஆளுநர் ரிச்சர்ட் போர்க் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பேட்மன் ஒப்பந்தம் செல்லாது. அதன் பேரில் நிலத்தில் உட்காருபவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள். கண்ணாடியையும் கத்தரிக்கோலையும் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்ற கோபத்தில் வந்த உத்தரவு இல்லை இது. பூர்வகுடிகளிடம் வாங்கியது செல்லும் என்று ஒப்புக்கொண்டால், அவர்கள் உரிமையாளர்கள் என்றாகிவிடும். அப்படியானால் 1788இல் சிட்னியில் இறங்கியதிலிருந்து எடுத்துக்கொண்ட ஒவ்வொரு காணிக்கும் கணக்குக் காட்ட வேண்டிவரும். எனவே, நிலம் முழுவதும் மன்னருடையது. விற்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று முடித்துவிட்டார்கள். குடியேறிகளின் வரவு நிற்கவில்லை. ஓடைக்கரை மெல்பர்ன் நகரம் ஆயிற்று. வாசலில் நின்று கேட்கும் வழக்கம் வெள்ளையர் சட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று. அடுத்த நூறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அனுமதி கேட்டு நிற்க வேண்டியவர்கள் மண்ணுக்குரியவர்களே என்றானது.

1927இல் அது எழுத்திலேயே வந்துவிட்டது. மேற்குக் கரையில், பெர்த் நகரின் மையப் பகுதியைப் பூர்வகுடிகளுக்குத் தடை செய்யப்பட்ட இடம் என்று அரசு அறிவித்தது. வேலை நிமித்தம் வருபவர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைது. காலங்காலமாக அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த நூங்கார் மக்கள், தங்கள் சொந்த மண்ணில் நடக்கச் சீட்டு வாங்கினார்கள். அதே ஆண்டு கிழக்கே இன்னொரு வாசலில் வேறொரு நாடகம் அரங்கேறியது.

மே 9ஆம் தேதி, புதிய தலைநகரான கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழா. யார்க் கோமகனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அதைக் காண, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மலைகளைக் கடந்து நடந்தே வந்திருந்தார் ஜிம்மி கிளமெண்ட்ஸ் என்ற விராஜுரி முதியவர். காலில் செருப்பில்லை, உடை கந்தல், கூடவே நாய்கள். விழாவுக்கேற்ற உடுப்பில் இல்லை என்று காவலர் ஒருவர் அவரை வெளியேறச் சொன்னார். அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. மேடைகளில் அமர்ந்திருந்த மக்கள் முதியவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பாதிரியார் ஒருவர் எழுந்து, அவரைவிட இங்கே நிற்க உரிமையுள்ளவர் யார் என்ற பொருளில் வாதிட்டார். கிளமெண்ட்ஸ் தங்கினார், மறுநாள் அரச தம்பதியின் முன்னால் போகும் வரிசையிலும் இடம்பெற்றார். சில மாதங்களில் இறந்தும் போனார். அந்த நாடாளுமன்றம் இப்படிப்பட்ட ஒருவரை முறைப்படி அழைக்க இன்னும் 81 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால் இந்தக் கதை ஒரு மாட்டுப் பண்ணைக் கிராமத்தைச் சுற்றிவர வேண்டியிருந்தது.

நியூ சவுத் வேல்ஸின் வடகோடியில் நிம்பின் என்ற கிராமம். பால் தொழில் படுத்து, கடைகள் பூட்டிக் கிடந்தன. 1973இல் ஆஸ்திரேலிய மாணவர் சங்கம் தன் அக்வேரியஸ் விழாவுக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. பாட்டு, நாடகம், கூட்டு வாழ்க்கை, இயற்கை உணவு என்று பத்து நாள் கொண்டாட்டம். நீண்ட முடி வைத்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வரப்போகிறார்கள். ஊர்க்காரர்களிடம் பேசியாயிற்று, கூடங்களை வாடகைக்குப் பிடித்தாயிற்று. எல்லாம் தயார் என்று நினைத்த நேரத்தில் ஒருவர் குறுக்கே வந்தார்.

அவர் கேரி ஃபோலி. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 26 அன்று, நாடாளுமன்றத்துக்கு எதிர்ப் புல்வெளியில் இளைஞர்கள் நால்வர் ஒரு கடற்கரைக் குடையை நட்டு, சொந்த நாட்டில் அந்நியராக்கப்பட்டவர்களின் தூதரகம் இது என்று அறிவித்திருந்தார்கள். அங்கே கூடாரங்கள் பெருகிப் போராட்டமானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஃபோலி. அவர் விழாக்காரர்களிடம் கேட்டது எளிய விஷயம்தான். புது உலகம் படைக்கப் போகிறோம் என்கிறீர்கள். இந்த நிலத்துக்குரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இளைஞர்கள் விழித்தார்கள். அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

தேடிப் போனார்கள். பண்ட்ஜலுங் மக்களின் பெரியவர் லைல் ராபர்ட்ஸையும் பாடகர் டிக்கி டோனெல்லியையும் கண்டார்கள். அந்தப் பகுதியில் பழைய முறைப்படி சடங்கு கண்டு வளர்ந்தவர்களில் கடைசித் தலைமுறை அவர்கள். அவர்கள் மனம் வைத்து வந்தார்கள், பாடினார்கள், வந்தவர்களை வரவேற்றார்கள். குடியேறிகளின் பிள்ளைகள் பொது நிகழ்ச்சி ஒன்றுக்காக அனுமதி கேட்டு, மண்ணுக்குரியவர்கள் அதை வெளிப்படையாக அளித்த முதல் நிகழ்ச்சியாக இன்று அதைப் பதிவு செய்கிறார்கள். ஆனால் அன்று அதற்குப் பெயரும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. விழா முடிந்தது, இளைஞர்களில் பலர் நிம்பினிலேயே தங்கிவிட்டார்கள், சடங்கு மறந்துபோயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் அதற்கு மறுபடி உயிர் வந்தது. உயிர் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியர்களே இல்லை.

1976. பெர்த் நகரில் பன்னாட்டுக் கலைவிழா. நியூசிலாந்திலிருந்து மாவோரிக் கலைஞர்களும் குக் தீவுக் கலைஞர்களும் ஆட வந்திருந்தார்கள். மாவோரி வழக்கத்தில், மராயே எனப்படும் ஊர்ப் பொது முற்றத்தில் விருந்தினர் தாமாகக் கால் வைப்பதில்லை. வாசலில் நிற்பார்கள். உள்ளிருந்து ஒரு பெண்ணின் அழைப்புக் குரல் நீண்டு எழும். வந்தவர்கள் தரப்புப் பெண் பதில் கொடுப்பார். அதன்பின்தான் நடக்கத் தொடங்குவார்கள். பெர்த்தில் யாரும் அழைக்கவில்லை. மேடை தயார், விளக்குகள் தயார். அழைப்பில்லாத மண்ணில் ஆட மனம் ஒப்பவில்லை என்று கலைஞர்கள் சொல்லிவிட்டார்கள்.

விழாக்காரர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரவேற்கச் சடங்கு ஏது? யார் செய்வார்கள்? கடைசியில் விஷயம் இரண்டு இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது. ஒருவர் ரிச்சர்ட் வாலி, நூங்கார். மற்றவர் எர்னி டிங்கோ, வடக்கே மர்ச்சிசன் பகுதியின் யமாஜி மக்களைச் சேர்ந்தவர். கூடைப்பந்து ஆடப் போன இடத்தில் நண்பர்களானவர்கள். வாலி பிறந்தது 1953இல். பெர்த்தில் நூங்கார் மக்கள் சீட்டு இல்லாமல் நடக்கலாம் என்று தடை நீங்கியது 1954இல். கைக்குழந்தையாக இருந்தபோது தன் மக்கள் நுழையக்கூடாதிருந்த நகரத்துக்கு, 23 வயதில் அவர் வெளிநாட்டு விருந்தினரை வரவேற்க வேண்டும். கையில் எழுதிவைத்த வாசகம் எதுவும் இல்லை.

வாலி பெரியவர்களிடமிருந்து கேட்டு வளர்ந்ததை எடுத்தார். தன் முன்னோரின் நல்ல ஆவிகளையும் அந்த மண்ணின் நல்ல ஆவிகளையும் நூங்கார் மொழியில் அழைத்தார். வந்திருப்பவர்களைக் காக்கும்படியும், அவர்கள் நலமாக ஊர் போய்ச் சேரும்படியும் வேண்டினார். பிறகு வந்தவர்களின் முன்னோர்களிடமும் பேசினார்: உங்கள் பிள்ளைகள் இங்கே பத்திரமாக இருப்பார்கள். அவ்வளவுதான். விருந்தினர் மனநிறைவோடு ஆடினார்கள். ஒரு மாலை நிகழ்ச்சியைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு, அந்த மாலையோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை.

வாலியும் டிங்கோவும் நண்பர்களோடு சேர்ந்து மிடார் என்ற நடனக் குழுவைத் தொடங்கினார்கள். சுற்றுலாப் பயணிகள் முன்னும் மாநாடுகளிலும் அந்த வரவேற்பு மேடையேறியது. 1980களில் ரோடா ராபர்ட்ஸ் என்ற நாடகக் கலைஞரும் பூர்வகுடி தேசிய நாடக அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் அதற்கு ஒரு நெறிமுறையை வகுத்து, ‘வெல்கம் டு கன்ட்ரி’ என்று பெயரும் சூட்டினார்கள். ரோடா ராபர்ட்ஸ் எந்த மக்களைச் சேர்ந்தவர்? நிம்பினில் இளைஞர்களை வரவேற்ற அதே பண்ட்ஜலுங் மக்கள். ஆனாலும் ஒரு பெரிய தடை பாக்கி இருந்தது. சட்டத்தின் கண்ணில் அந்த மண் இன்னும் அவர்களுடையது இல்லை. சொந்தமில்லாத வீட்டுக்கு யாரை வரவேற்பது? அந்த முடிச்சை அவிழ்க்கும் வேலையை அதற்குள் ஒரு தோட்டக்காரர் தொடங்கியிருந்தார்.

எடி மாபோ, டாரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவுக்காரர். குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை செய்தார். கிழக்குக் கரை முழுவதையும் 1770இல் மன்னருக்குச் சொந்தம் என்று கொடி நட்டு அறிவித்த அதே குக்கின் பெயர்தான். அங்குள்ள வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் இருவரோடும் மதிய உணவு வேளையில் பேசிக்கொண்டிருப்பது அவர் வழக்கம். 1974 வாக்கில் ஒருநாள் மாபோ தீவிலிருக்கும் தம் குடும்ப நிலத்தைப் பற்றி ஆசையாகச் சொன்னார். மரம் எது, கல் எது, எல்லை எது என்று மெர் தீவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அத்துப்படி. மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டப்படி அது அரசு நிலம் என்பதை எப்படி இவரிடம் சொல்வது?

சொன்னார்கள். மாபோவால் நம்பவே முடியவில்லை. 1982இல் மெர் தீவுக்காரர்கள் நால்வரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். குவீன்ஸ்லாந்து அரசு நீதிமன்றத்தில் வாதாடி ஜெயிக்கும்வரை காத்திருக்கவில்லை. 1985இல், தீவு மக்களுக்கு அப்படி ஏதாவது உரிமை இருந்திருந்தாலும் அது எப்போதோ அழிந்துவிட்டது என்று ஒரு சட்டமே போட்டது. வழக்கு அத்தோடு செத்தது என்றார்கள். 1988இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. அடுத்த அடி உண்மை அறியும் விசாரணையில் விழுந்தது. குடும்ப நிலம் பற்றிய மாபோவின் சொந்த வாதத்தை 1990இல் நீதிபதி ஏற்கவில்லை. மற்றவர்களின் வாதத்தைக் கொண்டு வழக்கு நகர்ந்தது. இறுதித் தீர்ப்புக்கு நாள் நெருங்கியபோது மாபோவைப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது.

1992 ஜனவரி 21 அன்று மாபோ இறந்தார். வயது 55. ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எழுவரில் அறுவர் சொன்னார்கள்: பிரிட்டிஷார் வருமுன்பே நிலத்தின் மீது அந்த மக்களுக்கு உரிமை இருந்தது, ஆட்சி மாறியதால் மட்டும் அது அழிந்துவிடாது. ஆளுநர் போர்க் 1835இல் கட்டிய கோட்டை 157 ஆண்டுகளுக்குப் பின் விரிசல் கண்டது. மறு ஆண்டே பூர்வ உரிமைச் சட்டம் வந்தது. திடீரென்று நாடு முழுவதும், இது யாருடைய நிலம் என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டியதாயிற்று.

நாடாளுமன்றம் 1991இல் அமைத்த நல்லிணக்க மன்றம் அதற்குள் ஊர் ஊராகக் கல்வி வட்டங்களை நடத்திக்கொண்டிருந்தது. 1967இல் பூர்வகுடிகள் தொடர்பான வாக்கெடுப்பு வென்ற மே 27 முதல் மாபோ தீர்ப்பு நாளான ஜூன் 3 வரை நல்லிணக்க வாரமாயிற்று. கூட்டம் போட்டவர்கள் பெரியவர்களை அழைத்து வரவேற்பு பெற விரும்பினார்கள். ஆனால் வரவேற்கும் உரிமை அந்த மண்ணுக்குரியவருக்கு மட்டுமே உண்டு. எல்லாக் கூட்டத்துக்கும் பெரியவர் ஒருவர் கிடைப்பாரா? கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ஒரு சிறு வணக்கம் உருவானது. ஆம், அதேதான்! இன்று ஆஸ்திரேலியாவில் பள்ளிக் கூட்டமோ, நிறுவன மாநாடோ, தமிழ்ச் சங்க விழாவோ, எது தொடங்கினாலும் முதலில் காதில் விழும் அந்த இரண்டு வரிகள்: நாம் கூடியிருக்கும் இந்த நிலத்தின் மரபுவழிப் பாதுகாவலர்களான இன்ன மக்களை வணங்குகிறோம், அவர்களின் முன்னாள், இந்நாள் பெரியவர்களுக்கு மரியாதை செலுத்துகிறோம். எழுந்து போய்க் காபி எடுத்துவரும் நேரத்துக்குள் முடிந்துவிடும் வரிகள். அவை இன்னும் நுழையாத இடம் ஒன்று மிச்சமிருந்தது.

2008 பிப்ரவரி 12. கான்பெரா நாடாளுமன்றத்தில் புதிய அவையின் தொடக்க நாள். போசம் தோல் போர்வை தரித்து உள்ளே வந்தார் நங்கம்ப்ரி மூதாட்டி மடில்டா ஹவுஸ். பிரதமர் கெவின் ரட், எதிர்க்கட்சித் தலைவர், உறுப்பினர்கள் எல்லோரும் விருந்தாளிகளாக நின்றார்கள், மூதாட்டி வரவேற்றார். 1901இல் தொடங்கிய நாடாளுமன்றத்தின் வரலாற்றில் முதன்முறை. மறுநாள் காலை, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொள்கைக்காகப் பிரதமர் அதே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2010இல் வரவேற்பும் வணக்கமும் அவை விதிகளிலேயே ஏறின. அவை கூடும் நாளெல்லாம் சபாநாயகர் அந்த வணக்கத்தை வாசிக்கிறார். வெற்றிக் கதை என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கேட்பது ஒன்று, கேட்டதற்கு வரும் பதிலை ஏற்பது வேறொன்று என்பதை ஒரு பாறை காட்டிக்கொடுத்தது.

பாலைவனத்தின் நடுவே நிற்கும் உலுரு, அனங்கு மக்களுக்குப் புனிதமான பாறை. 1985 அக்டோபர் 26 அன்று அரசு அதை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது, உடனே 99 ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப வாங்கியும்கொண்டது. ஏறாதீர்கள் என்று பாறையடியில் அனங்கு மக்கள் பலகை வைத்தார்கள். பயணிகள் அதைப் படித்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஏற வருபவர்களின் பங்கு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் தடை செய்யலாம் என்று பூங்காவின் திட்டம் சொன்னது. மெல்ல மெல்ல அது இறங்கியது. 2017இல் பூங்கா வாரியம் ஒருமனதாக வாக்களித்தது. கடைசி மாதங்களில், மூடுமுன் ஏறிவிட வேண்டும் என்று பாறையடியில் வரிசை நீண்டது. கைமாறிய நாளுக்குச் சரியாக 34 ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 26 அன்று ஏறும் வழி நிரந்தரமாக அடைபட்டது. அனங்கு மக்களின் ‘வேண்டாம்’ செல்லுபடியாக அவ்வளவு காலம் பிடித்தது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய ‘வேண்டாம்’. இது எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. தங்களைப் பற்றிய சட்டங்களில் கருத்துச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்ற பூர்வகுடிகளின் கோரிக்கை 2023 அக்டோபர் 14 அன்று பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் எதிராக வாக்களித்தார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. வணக்கம் சொல்வோம், பேச இடம் தரமாட்டோம் என்பதா என்ற கசப்பு ஒரு பக்கம். வணக்கமே அதிகப்படி என்ற முணுமுணுப்பு மறுபக்கம். 2025 ஏப்ரல் 25 அன்று, மெல்பர்னில் போர்வீரர் நினைவு நாளின் விடியற்கால அஞ்சலியில் புனுரோங் பெரியவர் ஒருவர் வரவேற்புரை ஆற்றியபோது, நவநாஜிகள் அடங்கிய ஒரு சிறு கும்பல் கூச்சலிட்டது. ஒரு கணம் எல்லாமே கெட்டுவிட்டது போலிருந்தது. அடுத்த கணம் சுற்றியிருந்த கூட்டம் கைதட்டத் தொடங்கியது. கைதட்டலில் கூச்சல் அமுங்கிப் போக, பெரியவர் பேசி முடித்தார்.

இந்தச் சடங்கின் ஜாதகமே அப்படித்தான். பெர்த்தில் அழைப்பு வேண்டும் என்றவர்கள் கடல் கடந்து வந்த ஆட்டக்காரர்கள். மெல்பர்னில் அதைக் காப்பாற்றியது கூட்டம். அழைக்கும் உரிமை மண்ணுக்குரியவரிடம் இருந்தாலும், அது உயிரோடு இருப்பது விருந்தாளிகள் கேட்பதால்தான். ஒரே வாசகத்தை எல்லா ஊரிலும் ஒப்பித்துவிட்டுப் போகவும் முடியாது. ‘இன்ன மக்கள்’ என்ற இடம் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் அதை நிரப்புவதே பெரும்பாடு. கான்பெராவில் யார் பெயரைச் சொல்வது என்பது நீதிமன்றம் வரை போய், 2023இல் அந்த வட்டார அரசு நங்கம்ப்ரி குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எனவே ஒலிவாங்கியின் முன்னால் நிற்கப் போகிறவர் யாராக இருந்தாலும், முந்தைய நாளே யாரையாவது தேடிப்போய், இது யாருடைய நிலம் என்று விசாரித்துத்தான் ஆகவேண்டும்.